புதுப்பிப்பு: எஃப்ஐ (ஃபியூல் இன்ஜெக்ஷன்) பைக்ல பெட்ரோல் வாடை, பிளக்ல கரி - சரியாயிருச்சு

பதில் சொன்ன அண்ணன்மாருக்கெல்லாம் ரொம்ப நன்றி. சைலன்சர் மாத்துனதுல இருந்து ஐடில்ல (வண்டி நிக்கையில என்ஜின் சும்மா ஓடுறப்ப) பெட்ரோல் வாடை, பிளக் கரி புடிக்குது, மைலேஜும் போச்சு, பெட்ரோல்-காத்து மிக்சரை எங்கன திருகி குறைக்கிறதுன்னு கேட்டிருந்தேன்ல, திருகவே வேண்டியதில்லாம போச்சு.

ஓ2 சென்சாருக்கு (பொகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்குறது) முன்னாடி லீக் இருக்கான்னு பாருன்னு தேவகோட்டை அண்ணன் சொன்னதுதான் சரி. காரைக்குடில நம்ம மெக்கானிக் என்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி பெண்ட் பைப் (என்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற குழாய்) ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி ஊத்துனாரு, குபுகுபுன்னு நொரை வந்துச்சு. அந்தச் சந்து வழியா வெளிக்காத்து உள்ள போயி, சென்சார் ஆக்சிஜன் அதிகம்னு சொல்ல, ஈசியூ (பெட்ரோல் அளவை முடிவு பண்ற வண்டி கம்ப்யூட்டர்) பெட்ரோல் பத்தலன்னு நெனச்சு கூடக்கூட ஊத்திருக்கு. ஜாயின்ட்ல புது கேஸ்கெட் (சந்தை அடைக்கிற வளையம்) போட்டு போல்ட்டை டைட் பண்ணதும் வாடை நின்னுருச்சு, இப்ப பிளக் காப்பிப்பொடி கலர்ல இருக்கு.

எதிர்பாக்காதது, இவ்வளவு நடந்தும் மீட்டர்ல என்ஜின் செக் லைட் எரியவே இல்ல. கேஸ்கெட் மாத்துன பெறகும் ஐடில் கொஞ்ச நேரம் ஏறி எறங்குச்சு, திருப்பத்தூர் ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டுனதும் தானா செட் ஆயிருச்சு. த்ராட்டில் பாடில இருக்க ஸ்க்ரூவைத் திருகுன்னு சொன்னவங்களுக்கு: என் வண்டில அது ஐடில் காத்துக்குத்தான், மிக்சருக்கு இல்லண்ணே.