வால்பாறை போய் வந்த வண்டி

பொள்ளாச்சி வீடு (வாட்ஸ்அப் குழு, 14 பேர்)

ஞாயிறு

மல்லிகா அத்தை, இரவு 8:12
வீடு வந்து சேர்ந்தோம். இனிமேல் அந்த வண்டியில் ஏற என்னைக் கூப்பிடாதீர்கள்.

கவிதா, 8:14
என்ன ஆச்சு அத்தை?

மல்லிகா அத்தை, 8:15
40 வளைவு. 11-ஆவது வளைவில் ஆரம்பித்தது. அதற்கு மேல் இந்தக் குழுவில் எழுத முடியாது.

தினேஷ், 8:15
அத்தை 3 கவர் காலி பண்ணினார்கள் 🙈

மல்லிகா அத்தை, 8:16
நீ வாயை மூடு.

செல்வம் சித்தப்பா, 8:21
அக்கா, வண்டி மேல் தப்பில்லை. நீங்கள் கடைசி சீட்டில் உட்கார்ந்தது தப்பு.

மல்லிகா அத்தை, 8:22
கடைசி சீட்டில் உட்கார வைத்தது யார் தம்பி?

அப்பாரு, 8:30
எங்கள் அம்பாசிடரில் இதே மலைக்கு 9 பேர் போயிருக்கிறோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது சேஸ். இப்போது வருவதெல்லாம் தகரடப்பா.

கவிதா, 8:34
அப்பாரு, கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்பாசிடருக்குத் தனி சேஸ், அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைப் பார்த்துச் செய்தது அது. அதிலேயே பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகத்தான் வெல்டிங் ஆகியிருக்கும். சித்தப்பா வண்டிக்குத்தான் லாரி மாதிரி தனி சேஸ் இருக்கிறது.

அப்பாரு, 8:36
யார் சொன்னது?

கரூர் பெரியப்பா, 8:37
கவி சொல்வது சரிதானுங்க அப்பா.

அப்பாரு, 8:41
🤔

செல்வம் சித்தப்பா, 8:44
ஒன்று சொல்ல வேண்டும். வளைவில் வண்டி சாய்வது உண்மை. படகு மாதிரி சாய்கிறது. அட்டகட்டி பக்கம் மழை வேறு. ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கப் பார்த்தது. ஆனால் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு குறையும் இல்லை, மெத்தை மாதிரி போகிறது. ஸ்பிரிங்கை மாற்றி டைட் வைக்கலாம் என்று நினைக்கிறேன். அல்லது விற்றுவிட வேண்டியதுதான்.

தினேஷ், 8:45
அப்பா 18 இன்ச் அலாய் வீல் போட்டால் ஆட்டமே இருக்காது. நான் எத்தனை நாளாகச் சொல்கிறேன்.

கவிதா, 8:52
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். சாய்வது ஒரு விஷயம், குலுங்குவது வேறு விஷயம். அத்தையை வாந்தி எடுக்க வைத்தது சாய்வு. மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை போய் வர 4, 5 விநாடி ஆகிற ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டும். கப்பலிலும் அதே கதைதான். பள்ளத்தில் விழுகிற குலுக்கல் விநாடிக்கு 4 முதல் 8 தடவை வந்தால் அது முதுகைப் பிடிக்கும், வாந்தி வராது. ஸ்பிரிங்கை இறுக்கினால் ஒன்று குறையும், மற்றது கூடும். அப்புறம் அத்தைக்குப் பதில் அப்பாரு புகார் சொல்வார்.

மல்லிகா அத்தை, 8:54
படித்த பெண் சொல்கிறாள், கேளுங்கள். நான் தூங்கப் போகிறேன்.

கரூர் பெரியப்பா, 9:03
நான் ஒன்று சொல்கிறேன். 31 வருடம் கரூரில் பஸ் பாடி கட்டியவன். ஓசூரிலிருந்து சேஸ் வரும் பார்த்திருப்பீர்கள். கூண்டு கிடையாது, கண்ணாடி கிடையாது, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டி வருவார். வந்து இறங்கினால் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். வெறும் சேஸ் அப்படித் தூக்கிப் போடும். ஏனென்றால் அதன் பட்டை ஸ்பிரிங் 60 பேரைத் தாங்கச் செய்தது. மேலே பாரமே இல்லை என்றால் அது வளையாது. அதே சேஸில் பாடி கட்டி ஆள் ஏறினால் தொட்டில் மாதிரி போகும்.

கரூர் பெரியப்பா, 9:06
இன்னொன்று. சேஸின் ஒரு மூலையில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குவோம். அந்த மூலை ஒரு சாண் ஏறியிருக்கும், எதிர் மூலை தரையில் அப்படியே இருக்கும். அவ்வளவு முறுக்கும். அதனால்தான் பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் ரப்பர் வைப்போம். புதுப் பையன்கள் ரப்பர் வைக்காமல் இறுக்கிவிட்டால் ஒரே மாதத்தில் முன் கண்ணாடி விரிசல் விட்டுத் திரும்பி வரும்.

கவிதா, 9:11
பெரியப்பா 👏👏 நாங்கள் ஒரு பாடமாகப் படித்ததை நீங்கள் ஒரு ஜாக்கியில் முடித்துவிட்டீர்கள்.

அந்த முறுக்கல்தான் சங்கதி. சேஸ் முறுக்கினால் அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். ஆனால் அந்த ஸ்பிரிங்குக்கு ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சர் கிடையாது, நடுங்கிக்கொண்டே இருக்கும். நாம் பள்ளத்தைத் தாண்டிய பிறகும் ஸ்டியரிங்கிலும் கண்ணாடியிலும் ஒரு நடுக்கம் வருமே, அது. பாடியும் சேஸும் ஒன்றாக இருக்கும் மோனோகாக் வண்டியில் அது குறைவு. சட்டம் அசையாமல் நின்றால் ஸ்பிரிங்கைத் தைரியமாக மென்மையாக வைக்கலாம். இன்னோவாவையே பாருங்கள். கிரிஸ்டா வரை தனி சேஸ். 2022 கடைசியில் வந்த ஹைகிராஸில் இரண்டும் ஒன்று.

செல்வம் சித்தப்பா, 9:13
அப்படியானால் விற்றுவிட்டு மோனோகாக் வாங்கு என்கிறாயா?

கவிதா, 9:15
தோப்புக்குள் தேங்காய் ஏற்றிக்கொண்டு வரப்பு மேல் போகிறீர்கள். அதற்கு உங்கள் வண்டிதான் சரி. ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. நேர் ரோட்டில் மெத்தை மாதிரி போவது, வளைவில் படகாவது, மழையில் பின்பக்கம் வழுக்குவது. இந்த மூன்றும் ஒன்றாக வருவது எனக்கு உறுத்துகிறது. காலையில் கீழே குனிந்து சில போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

தினேஷ், 9:16
அலாய்?

கவிதா, 9:19
வேண்டாம்டா. ரிம் பெரிதானால் அந்த அளவுக்கு டயரின் பக்கச் சுவர் சின்னதாகும். பள்ளத்தில் முதலில் அமுங்குவது அந்தச் சுவர்தான். அது போனால் அடி நேராக உன் முதுகுக்கு வரும். போதாததற்குச் சக்கரம் கனமாகும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடக் கூட, பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தை அடக்க ஷாக் அப்சர் திணறும்.

தினேஷ், 9:19
பார்க்க நன்றாக இருக்குமே 😔

திங்கள்

செல்வம் சித்தப்பா, காலை 6:40
📷 📷 📷 📷

கவிதா, 6:58
சித்தப்பா, முதல் போட்டோவில் டயர் காற்று 42 காட்டுகிறதே. கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது?

செல்வம் சித்தப்பா, 7:01
33. முழு லோடுக்குப் பின்னால் 36. பெட்ரோல் பங்கில் பையன் பார்த்துப் போட்டானே.

கவிதா, 7:02
பையன் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி போடுகிறான் போல. அதை முதலில் இறக்குங்கள். பைசா செலவில்லை.

கவிதா, 7:05
மூன்றாவது போட்டோ. பின் ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் கறுப்பாக ரப்பர் வளையம் தெரிகிறது. அது நீங்கள் போட்டதா?

செல்வம் சித்தப்பா, 7:07
வாங்கும்போதே இருந்தது. வண்டி பின்னால் இறங்காது, நல்ல உயரம் கிடைக்கும் என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார்.

கவிதா, 7:10
சரி. இப்போது ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சின்ன ராடு, இரண்டு முனையிலும் குமிழ் மாதிரி ஜாயிண்ட். ஒரு முனை சக்கரப் பக்கம், மறுமுனை குறுக்கே போகும் கம்பியில் மாட்டியிருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

செல்வம் சித்தப்பா, 7:24
இடது பக்கம் இருக்கிறது.

செல்வம் சித்தப்பா, 7:26
வலது பக்கம் அப்படி ஒன்றுமே இல்லையே? கம்பியின் முனை மட்டும் வெறும் ஓட்டையோடு தொங்குகிறது. 📷

கவிதா, 7:27
😲

கரூர் பெரியப்பா, 7:29
கழற்றியே விட்டிருக்கிறான்.

செல்வம் சித்தப்பா, 7:33
வாங்கிய புதிதில் முன்னால் டொக் டொக் என்று சத்தம் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது, 800 ரூபாய் கொடுத்தேன்.

கரூர் பெரியப்பா, 7:34
பல் வலிக்குப் பல்லையே பிடுங்கிவிட்டான். அதற்கு நீ கூலியும் கொடுத்திருக்கிறாய்.

கவிதா, 7:45
அதுதான் ஸ்டெபிலைசர் லிங்க். குறுக்கே போகும் கம்பி இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி சும்மா சுழலும், ஒன்றும் செய்யாது. வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பினால் கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வை எதிர்க்கும். ஒரு லிங்க் போனாலும் கம்பி மொத்தமும் வேலைக்கு ஆகாது.

நேர் ரோட்டில் உங்களுக்கு மெத்தை மாதிரி இருந்ததும் இதனால்தான். கம்பி இணைந்திருந்தால் இடது சக்கரம் பள்ளத்தில் விழும்போது வலது பக்கத்தையும் கொஞ்சம் இழுக்கும், தலை பக்கவாட்டில் ஆடும். இணைப்பு இல்லாததால் அந்த ஆட்டமும் இல்லை. கெட்டது நல்லது மாதிரி தெரிந்திருக்கிறது.

செல்வம் சித்தப்பா, 7:48
பின்பக்கம் வழுக்கியது?

கவிதா, 8:03
அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், தினேஷ் நீயும் படி.

7 பேரும் சாமானுமாக வண்டி 2,400 கிலோ என்று வையுங்கள். நிறுத்தியிருக்கும்போது இடது பக்கம் 1,200, வலது பக்கம் 1,200. கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீட்டர், நீங்கள் போவது 28 கிலோமீட்டர் வேகம். எடையின் மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர், இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 150. இந்த வளைவில் சுமார் 480 கிலோ பாரம் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும். ஒரு பக்கம் 1,680, மறுபக்கம் 720.

எந்த ஸ்பிரிங் போட்டாலும் இந்த 480 ஏறக்குறைய மாறாது. வண்டி நிமிர்ந்து நின்றாலும் போகும், சாய்ந்தாலும் போகும். குறைக்க வேண்டும் என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 28-ஐ 20 ஆக்கினால் 480 பாதியாகிவிடும். 8 கிலோமீட்டர்தான் சித்தப்பா!

மல்லிகா அத்தை, 8:05
இதைத்தான் நான் 11-ஆவது வளைவிலிருந்து சொன்னேன். மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று.

கவிதா, 8:12
😄 ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசரும் செய்வது பங்கு பிரிப்பது. 480-இல் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று. உங்கள் வண்டியில் முன் கம்பி வேலை செய்யவில்லை, பின் ஸ்பிரிங்கில் ரப்பரை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அதனால் பங்கில் பெரும்பகுதி பின்பக்கத்துக்குப் போய்விட்டது. டயரில் பாரம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காகாது, குறைவாகத்தான் கூடும். அதனால் எந்த முனை பங்கு அதிகம் வாங்குகிறதோ அந்த முனைதான் முதலில் பிடி விடும். நனைந்த ரோட்டில் நீங்கள் உணர்ந்தது அதைத்தான். தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே முன்பக்கம் முதலில் பிடி விடும்படி வைப்பார்கள். முன்பக்கம் விட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகும். பின்பக்கம் விட்டால் சாதாரண டிரைவர் சமாளிப்பது கஷ்டம்.

ஆத்தா (குரல் செய்தி, 0:19)
கண்ணு, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ராடு இல்லாமல் குழந்தைகளை வைத்து ஓட்டியிருக்கிறானா? செல்வத்தைப் போன் பண்ணச் சொல்லு.

செல்வம் சித்தப்பா, 8:20
(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கரூர் பெரியப்பா, 8:31
செல்வம், பின் மூலையில் பம்பர் மேல் முழு எடையும் போட்டு அமுக்கிச் சட்டென்று விடு. எத்தனை தடவை ஆடுகிறது?

செல்வம் சித்தப்பா, 8:38
வலது ஒரு தடவை எழும்பி நின்றுவிடுகிறது. இடது மூன்று தடவை ஆடுகிறது அண்ணா. உள்ளே எண்ணெய்ப் பசையும் தூசியும் அப்பியிருக்கிறது.

கரூர் பெரியப்பா, 8:39
அந்த ஷாக் அப்சரும் போச்சு. மாற்றினால் ஜோடியாக மாற்று.

கவிதா, 8:44
அத்தை உட்கார்ந்தது அதற்கு நேர் மேலே, அச்சுக்கும் பின்னால். எந்த ஆட்டமும் அங்கேதான் பெரிதாகத் தெரியும். முன் சக்கரம் மேட்டில் ஏறிய அடுத்த நொடியில் பின் சக்கரம் ஏறுகிறது. அந்த இடைவெளியில்தான் வண்டி ஊஞ்சலாடுகிறது. 1930-களில் அமெரிக்கக் கார் கம்பெனி கேடிலாக்கில் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் ஒரு காரின் முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக ஆடும்படி வைத்தால், பிந்திக் கிளம்பிய பின்பக்கம் ஓடி வந்து முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், வண்டி தட்டையாகப் போகும் என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் அதுதான் ஆரம்பக் கணக்கு. ஆனால் ஷாக் அப்சர் செத்திருந்தால் எந்தக் கணக்கும் உதவாது.

அப்பாரு, 9:10
அம்பாசிடருக்குச் சேஸ் இல்லை என்பது உறுதிதானா?

கவிதா, 9:12
உறுதிதான் அப்பாரு. முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), பின்னால் பட்டை ஸ்பிரிங். 9 பேர் ஏறினதால் பட்டை நன்றாக வளைந்து சொகுசாக இருந்திருக்கும். அப்புறம் நீங்கள் 28-இல் போயிருக்க மாட்டீர்கள்.

அப்பாரு, 9:15
ஏற்றத்தில் அது 15-க்கு மேல் போகாது கண்ணு.

வியாழன்

செல்வம் சித்தப்பா, மாலை 6:02
வேறு மெக்கானிக். இரண்டு பக்க லிங்க், பின் ஷாக் அப்சர் ஜோடி போட்டாயிற்று. ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டேன், வண்டி பின்னால் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. காற்று 33. பொள்ளாச்சி ரோட்டில் முன்பு மாதிரி மெத்தையாக இல்லை. தலை கொஞ்சம் ஆடுகிறது.

கவிதா, 6:05
அந்த ஆட்டம் இருக்க வேண்டியதுதான் சித்தப்பா. அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள்.

தினேஷ், 6:06
மிச்சமான காசுக்கு அலாய்?

செல்வம் சித்தப்பா, 6:06
மிச்சம் எதுவும் இல்லை.

ஞாயிறு

செல்வம் சித்தப்பா, காலை 10:48
9-ஆவது வளைவு வரை போய்ப் பார்க்கிறோம். லோம்ஸ் வியூவில் திரும்பிவிடுவோம். அக்கா நடு சீட்டில். நான் 20-க்கு மேல் போகவில்லை, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது.

கவிதா, 10:50
அடிக்கட்டும். அத்தை எப்படி இருக்கிறார்கள்?

தினேஷ், 10:51
கவரைக் கையில் பிடித்திருக்கிறார்கள். இன்னும் பிரிக்கவில்லை.

மல்லிகா அத்தை, 11:32
ஆழியாறு வந்து இறங்கிவிட்டோம். மிளகாய் பஜ்ஜி 4 சாப்பிட்டேன். அந்தக் கவரில் மிச்ச பஜ்ஜியைக் கட்டிக் கொண்டு வருகிறேன், ஆத்தாவுக்கு.