பிட்காயினின் நான்காண்டுச் சுழற்சியை இன்னும் நம்பலாமா?

வணக்கம் நண்பர்களே, ஒரு சந்தேகம் பல நாளாக மனதைக் குடைகிறது.

2012, 2016, 2020 ஆகிய மூன்று ஹால்விங்கிலும் (புதிதாக உருவாகும் பிட்காயின் அளவு சுமார் நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது) ஒரே கதைதான். ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் உச்சம், பிறகு முக்கால் பங்குக்கும் மேல் சரிவு. ஆனால் 2024-ல் ஹால்விங் நடந்தது ஏப்ரலில். விலை மார்ச்சிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. முன்பு இப்படி நடந்ததில்லை. அமெரிக்காவில் அந்த ஜனவரியில் ஸ்பாட் ஈடிஎஃப்களுக்கு (பிட்காயினையே வாங்கி வைத்து, பங்குகளைப் போலச் சந்தையில் கைமாறும் நிதிகளுக்கு) அனுமதி கிடைத்ததே காரணம் என்பது என் எண்ணம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. 2012-ல் தினசரிப் புது வரத்து சுமார் 7,200 காயினிலிருந்து 3,600 ஆனது. 2024-ல் 900-லிருந்து 450. சந்தையில் கைமாறும் அளவோடு ஒப்பிட்டால் இது கடுகளவு. அப்படியானால் விலையை ஏற்றி இறக்குவது ஹால்விங்கா, வட்டி விகிதமும் பணப்புழக்கமுமா? 2022 சரிவும் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை உயர்த்திய காலத்தில்தான் வந்தது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து யாராவது கணக்குப் போட்டிருக்கிறீர்களா? மூன்றே சுழற்சிகளை வைத்து ஒரு விதியைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் சேமிப்பில் ஒரு பகுதி இதில் இருக்கிறது. எப்போது விற்பது என்ற முடிவை இந்தச் சுழற்சியை நம்பித்தான் வைத்திருந்தேன். விலை கணிப்பு வேண்டாம். நீங்கள் எந்தத் தரவைப் பார்க்கிறீர்கள், ஏன் என்று சொன்னால் பெரிய உதவி.