ஒரே ஆல்பம் எல்பி, கேசட், சிடினு மூணு தடவ இருக்கு, இவ்ளோ ஃபார்மேட் எதுக்கு மாத்தினாங்க?

பழையபெட்டி:
அப்பா சேத்து வெச்சதெல்லாம் எடுத்து அடுக்கிட்டு இருக்கேன். எல்பி (பெரிய இசைத்தட்டு), கேசட், விஹெச்எஸ் (வீடியோ டேப்), சிடி, டிவிடினு எல்லாம் கலந்து கெடக்கு, ஒரே ஆல்பத்த மூணு வடிவத்துல வாங்கியிருக்காரு. ஒவ்வொண்ணும் முன்னதவிட நெஜமாவே நல்லா இருந்துச்சா, இல்ல திரும்பத் திரும்ப வாங்க வைக்கத்தான் மாத்துனாங்களா? எத மொதல்ல டிஜிட்டல் பண்றது?

ஊசிமுனை:
ரெண்டுமே உண்மைதாங்க. ஆனா தரத்த மட்டும் பாத்தா இந்தக் கதை புரியாது, எவ்ளோ நேரம் ஓடும்ங்கறதத்தான் பாக்கணும். பழைய 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 சுத்து) தட்டுல ஒரு பக்கத்துக்கு 3 நிமிஷம் சொச்சம்தான், நீளமான கச்சேரியெல்லாம் துண்டு துண்டாத்தான் கேக்க முடியும். 1948ல எல்பி வந்தப்பதான் ஒரு பக்கமே 20 நிமிஷத்துக்கு மேல போச்சு. 1963ல பிலிப்ஸ் கொண்டு வந்த கேசட் எல்பியவிட தரத்துல கம்மி, டேப்பு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும், 'உஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் வேற கூடவே வரும். ஆனாலும் ஜெயிச்சது ஏன்னா பாக்கெட்ல போட்டுக்கலாம், நாமளே ரெக்கார்ட் பண்ணிக்கலாம். 1979ல வாக்மேன் வந்ததும் நடந்துகிட்டே பாட்டு கேக்கறது சகஜமாயிடுச்சு. வீடியோலயும் அதே கதைதான், 1975ல வந்த பீட்டாமேக்ஸ் டேப்புல ஆரம்பத்துல 1 மணி நேரம்தான், அடுத்த வருஷம் வந்த விஹெச்எஸ்ல 2 மணி நேரம். விஹெச்எஸ் ஜெயிச்சதுக்கு வேற காரணங்களும் உண்டு, ஆனா இது பெரிய காரணம்.

லேசர்கண்:
சிடி பத்தி ஒண்ணு சொல்லணும், எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது. சிடில ஒலிய நொடிக்கு 44,100 தடவ அளந்து எண்ணா எழுதுவாங்க, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள், அந்த விசித்திரமான எண் இருக்குல்ல, அது வீடியோ டேப்புலேர்ந்து வந்தது. அப்போ டிஜிட்டல் ஆடியோவ சேமிக்க வீடியோ ரெக்கார்டரத்தான் பயன்படுத்தினாங்க, வீடியோ படத்துல ஒரு வரிக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டுக்கு (பாதிப் படத்துக்கு) 245 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு, பெருக்கிப் பாருங்க சரியா வரும். 1982ல சிடி வந்தப்புறம் டிவிடி, ப்ளூ ரே எல்லாமே அதே 12 சென்டிமீட்டர் தட்டுதான், மாறினது லேசரோட அலைநீளம், 780, 650, 405 நானோமீட்டர்னு கொறைய கொறைய புள்ளிங்கள இன்னும் சின்னதா நெருக்கி எழுத முடிஞ்சது. அதனாலதான் சிடில 650 எம்பி, டிவிடி ஒரு அடுக்குல 4.7 ஜிபி, ப்ளூ ரேல 25 ஜிபி.

பழையபெட்டி:
ஓ, இது தெரியாது. அப்போ சிடி மேல கீறல் இருந்தா போச்சா?

லேசர்கண்:
எந்தப் பக்கம்ங்கறத பொறுத்தது. எல்லாரும் பளபளன்னு இருக்கற பக்கத்துக்குத்தான் பயப்படுவாங்க, ஆனா சிடில டேட்டா இருக்கறது லேபிளுக்கு ஒட்டி கீழ, அந்தப் பக்கம் ஆழமா கீறினாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. பளபள பக்கத்து லேசான கீறல பாலிஷ் பண்ணிப் பாக்கலாம். டிவிடில டேட்டா நடுவுல இருக்கு, அதனால அது கொஞ்சம் தாங்கும்.

டேப்ரசிகை:
வரிசை சொல்றேன், வீட்ல எடுத்த விஹெச்எஸ் மொதல்ல, அப்புறம் வீட்ல பதிவு பண்ண கேசட், அடுத்தது நீங்களே எழுதின சிடி (அடிப்பக்கம் பச்சையாவோ நீலமாவோ இருக்கும், சாயம் வெளிச்சத்துல மங்கும்). கடையில வாங்கின எல்பி, சிடியெல்லாம் கடைசியில பாத்துக்கலாம். விஹெச்எஸ் ப்ளேயர் புதுசா தயாரிக்கறத 2016ல நிறுத்திட்டாங்க, நல்ல மெஷின் கெடைக்கறப்பவே முடிச்சிடுங்க. டேப்புல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா தயவுசெஞ்சு ப்ளேயர்ல போடாதீங்க, அது ஹெட்டுல (டேப்ப படிக்கற பாகம்) ஒட்டி அடுத்த டேப்புக்கும் போயிடும்.

பழையபெட்டி:
நன்றிங்க. ஒரு கேசட்ல டேப்பே அறுந்து கெடக்கு, அப்பா கையெழுத்து இருக்கறது அதுல மட்டும்தான்.

டேப்ரசிகை:
காப்பாத்திடலாம். மூலையில ஸ்க்ரூ இருந்தா கழட்டுங்க, ரெண்டு முனையையும் நேரா வெட்டி மேல ஏறாம ஒட்டி வெச்சு, ஸ்ப்ளைசிங் டேப்ப (அறுந்த டேப்ப இணைக்கறதுக்குனே இருக்கற ஒட்டு டேப்) பின்பக்கம், அதாவது ஹெட்டுல படாத பக்கம், ஒட்டுங்க. சாதா செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், பசை வழிஞ்சு பக்கத்து சுத்தோட ஒட்டிக்கும். வெட்டற எடத்துல ஒரு நொடிகூட போகாது, மிச்சம் அப்படியே இருக்கும்.