அக்கா தங்கச்சி கையெழுத்து: விடுதலைப் பத்திரத்துக்கு முன்னால் என்னென்ன பார்க்கணும்?

பொருநைக்கரை:
அப்பா காரியம் முடிஞ்ச கையோடு, கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளைப் பத்திர ஆபீசுக்குக் கூப்பிட்டு, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் "ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ தாயி" என்பது நம்ம திருநெல்வேலிப் பக்கம் இன்னும் நிற்கவில்லை. நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, நிலம் ஆம்பளப் பிள்ளைகளுக்கு என்று ஒரு கணக்கு. அம்பாசமுத்திரம் பக்கம் பூர்வீக நஞ்சை, டவுனில் அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு என ரெண்டும் இருந்தால் பெண்ணுக்கு எதில் என்ன பாத்தியதை (உரிமை)?

வில்லங்கம் பார்த்தவர்:
ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. வீடு சுயார்ஜிதம், அதாவது அப்பா தானே சம்பாதித்தது. உயில் இல்லாமல் அப்பா இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற ஆச்சி இருந்தால் அவங்களுக்கும் ஒரு பங்கு. போட்ட நகையை இதில் கழிக்க வழியில்லை.

பூர்வீக நஞ்சையில் மகளுக்கும் பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம், 25.3.1989-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 9.9.2005 மத்தியத் திருத்தம் அதைச் சரி செய்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்கணும் என்று இல்லை, பங்கு பிறப்பால் வருவது என்று 11.8.2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதை அசைக்க முடியாது. "வாயாலேயே பாகம் பிரிச்சுட்டோம்" என்பது லேசில் எடுபடாது.

திண்ணைப் பேச்சு:
பத்திரத்தை முந்தின நாளே வாங்கி வாசிக்கணும். ஆபீஸ் வாசலில் வைத்து வாசிக்க யாரும் விடமாட்டாங்க. மூணு இடம் முக்கியம். ஒன்று, "ரொக்கம் பெற்றுக்கொண்டு" என்ற வரி. வாங்காத பணத்துக்கு அது ரசீது. ரெண்டாவது சொத்து விவரம். சர்வே எண்களைப் பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் ஒத்துப் பாருங்க. மூணாவதுதான் விஷம்: "விடுபட்ட சொத்துக்கள் இருப்பினும் அவற்றிலும் எவ்வித பாத்தியதையும் இல்லை". வீட்டுக்கு மட்டும் என்று போட்ட கையெழுத்து நஞ்சையையும் சேர்த்துக் கொண்டுபோவது இந்த வரியால்தான். வாரிசுச் சான்றில் மகள் பேர் இருக்கிறதா என்பதையும் பாருங்க. கட்டிக்கொடுத்தாலும் பேர் வரணும்.

பதிவான பிறகு "ஏமாத்தி வாங்கிட்டாங்க" என்று ரத்து கேட்க, தெரிய வந்ததிலிருந்து 3 வருஷம்தான்.

(பாளையங்கோட்டை கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம், மகன் மகள் சமம். மேலப்பாளையம் முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு வருவதில் பாதி மகளுக்கு. கையெழுத்து கேட்பது மட்டும் எல்லா வீட்டிலும் ஒண்ணு.)

தலைக்கட்டு:
சட்டம் தெரிந்தவளும் கையெழுத்து போடுகிறாள். பிள்ளைக்குக் காது குத்த மடியில் வைக்கவும், சடங்குக்குச் சீர் கொண்டுவரவும் தாய்மாமன் வேணும். பங்கு கேட்டால் அண்ணன் அந்த வாசலை அடைச்சிருவான். ஊர்க் கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) வரி தலைக்கட்டுக்குத்தான், அதாவது ஆம்பளையைத் தலைவனாக வைத்து எண்ணும் குடும்பத்துக்கு. கட்டிப்போன பெண் பிறந்த ஊர்க் கணக்கிலேயே இல்லை. இந்தப் பயத்தை வைத்துத்தான் வேலை நடக்கிறது. அதனால் எடுத்த எடுப்பில் மறுக்க வேண்டாம். "வாசிச்சுட்டுப் போடுறேன்" என்று தள்ளுங்க. நிலம் கொடுக்க மனசில்லை என்றால் பங்கின் மதிப்பைப் பேசி, பேங்க் வழியாக வாங்கி, அந்தத் தொகையையே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்க.

கோர்ட்டுக்குப் போனால் கட்டணம் பிராதில் (வழக்கு மனுவில்) எழுதுவதைப் பொறுத்தது. கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்றால் நிலையான சிறு தொகை. வெளியே தள்ளிட்டாங்க என்றால் பங்கின் மதிப்புக்குக் கட்டணும். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் பண்ணலாம், இல்லை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலேயே மனு கொடுக்கலாம்.