புதுப்பிப்பு: மருமோன்ர குடலும் ஸ்டெம் செல்லும்

முன்னம் இங்க கேட்டிருந்தன்: தங்கச்சியின்ர பிள்ளைக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய், பெருங்குடலின்ர கடைசித் துண்டில நரம்புக் கலங்கள் இல்லை, ஸ்டெம் செல்லால சரிப்படுத்தேலாதோ எண்டு.

யாழ்ப்பாணத்திலயே ஒப்பரேஷன் முடிஞ்சுது. நரம்பில்லாத துண்டை வெட்டிப்போட்டு, நல்ல குடலைக் கீழ இழுத்துத் தைச்சிருக்கினம். இப்ப ஒவ்வொரு நப்கினுக்கும் அம்மம்மாவுக்குச் சந்தோசம்!

இனி ஸ்டெம் செல். கருவின்ர 4ஆம் கிழமையளவில நரம்பு முகட்டுக் கலங்கள் (குடலின்ர நரம்புகளை உண்டாக்கிற கலங்கள்) குடலுக்க புகுந்து, 7ஆம் கிழமையளவில அடிவரைக்கும் போய்ச் சேரவேணும். இடையில நிண்டா அதுக்குக் கீழ வெறுமைதான். பிறந்தாப்பிறகும் குடற்சுவரில முன்னோடிக் கலங்கள், அதாவது நரம்புக் கலங்களா மாறக்கூடிய ஸ்டெம் செல்கள், கொஞ்சம் மிஞ்சியிருக்கு. சிக்கல், அதுகளை அடையாளம் காணுறதுதான். மேற்பரப்பில இருக்கிற பி75 எண்ட புரதத்தில ஒளிரும் பிறபொருளெதிரியை ஒட்டி, மெஷினால பிரிச்செடுக்கினம். ஆனா கிளையா எண்ட, நரம்புக் கலங்களுக்குத் துணையா இருக்கிற கலங்களிலயும் பி75 இருக்கு, அதுகளும் கூட வந்திடும். அதால வளர்ப்புத் தட்டில உருண்டையாத் திரளுதோ, நியூரோனும் (நரம்புக் கலம்) கிளையாவும் ரெண்டும் பிறக்குதோ எண்டு பாத்துத்தான் நம்புவினம். எலியில நட்டுப் பாத்திருக்கினம். பிள்ளையளுக்கான வைத்தியமா இன்னும் வரேல்லை.

வெட்டின துண்டைச் சேமிக்கேலாதோ எண்டு ஒராள் கேட்டவர். அது ஃபோர்மலினில போட்டுப் பதோலஜிக்குப் போனது. அதில உயிருள்ள கலம் மிஞ்சாது.

இதே ஒப்பரேஷன் செய்த பிள்ளையள் உள்ள ஆக்களுக்கு ஒண்டு: காய்ச்சல், வயிறு ஊதல், நாத்தமான வயித்தோட்டம் வந்தா விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.