12×10 படிப்பறையைச் சுற்றி லாஃப்ட் உயரத்தில் எச்.ஓ. மாடல் ரயில் (1:87 அளவு): பலகை, மூலை, ஒயரிங் அளவு சொல்லுங்க

கோட்டைமலை அடிவாரம் (கிருஷ்ணகிரி)

வணக்கம். படிப்பறையின் நாலு சுவரையும் ஒட்டிப் பலகை அடித்து ரயில் ஓடவிடணும். அறை உள்ளளவு 12 அடிக்கு 10 அடி, கூரை 10 அடி. ஒரு 10 அடிச் சுவரில் முழு நீளத்துக்கும் 2 அடி அகல லாஃப்ட் இருக்கு, அதன் மேல்மட்டம் 7 அடி 3 அங்குலம். எதிர்ச்சுவரில் 4 அடி ஜன்னல், நீளச்சுவர் ஒன்றில் கதவு. இரண்டுக்கும் லிண்டல் 7 அடியில். சுவர் ஹாலோ பிளாக், மேலே சிமென்ட் பூச்சு.

கையில் இருப்பது: எச்.ஓ. டீசல் இன்ஜின் ஒன்று, எல்.எச்.பி. (புதுவகை நீளப் பயணிகள்) பெட்டி ஐந்து, 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர். தண்டவாளம் இன்னும் வாங்கலை.

1. மூலையில் 18 அங்குல ரேடியஸ் போதுமா? அந்த செட்தான் எளிதாகக் கிடைக்குது.
2. பலகை எத்தனை அங்குலம்? ஒரு 8×4 ப்ளைவுட்டில் முடியுமா?
3. ஹாலோ பிளாக்கில் ஸ்க்ரூ நிற்குமா?
4. கன்ட்ரோலர் ஒயரை ஒரு இடத்தில் கொடுத்தால் சுற்று முழுக்க ஒரே வேகத்தில் ஓடுமா?

---

மூலைமட்டம் (தருமபுரி)

முதல் கேள்விக்கு முதலில். டீசல் இன்ஜினும் சின்ன சரக்கு வேகனும் மட்டும் என்றால் 18 அங்குலம் ஓடும். எல்.எச்.பி. பெட்டிக்கு வேண்டாம். நிஜப் பெட்டி 23.5 மீட்டர், 1:87ல் 270 மி.மீ. வரும். 18 அங்குல வளைவில் அதன் முனை வெளிப்பக்கம் சுமார் 12 மி.மீ. தள்ளும், வயிறு உள்பக்கம் 8 மி.மீ. சரியும். வளைவில் நுழையும்போது, இன்னும் நேர்ப்பகுதியில் இருக்கும் பக்கத்துப் பெட்டியின் முனை அப்படித் தள்ளாததால் கப்ளிங் பக்கவாட்டில் இழுபட்டு, நடுப்பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடும். 22 அங்குலம் போடுங்க. உங்கள் அறையில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கு.

தண்டவாள நடுக்கோடு சுவரிலிருந்து 100 மி.மீ. என்று வைத்தால் கணக்கு இது. நீளச்சுவரில் நேர்ப்பகுதி 2,340 மி.மீ., அகலச்சுவரில் 1,730 மி.மீ., நாலு மூலையும் சேர்ந்து ஒரு முழு வட்டம் 3,512 மி.மீ. மொத்தம் 11.65 மீட்டர். மூலைக்கு 22 அங்குல ரேடியஸ் வளைவுத் துண்டு 16 (ஒவ்வொன்றும் 22.5 டிகிரி). நேர்ப்பகுதிக்கு 914 மி.மீ. ஃப்ளெக்ஸ் ட்ராக் (வளைக்கக்கூடிய தண்டவாளம்) 10, வெட்டும்போது ஒன்று வீணாகும் என்று 11 வாங்குங்க. இரண்டும் ‘கோட் 100’ (தண்டவாள உயரம் 0.1 அங்குலம்) வகையாக இருக்கணும். உயரம் மாறினால் ஒவ்வொரு மூட்டிலும் தட்டும். ஃப்ளெக்ஸ் ட்ராக்கையே மூலையில் வளைக்கலாமே என்று தோணும். ஸ்டூலில் நின்று தலைக்கு மேல் கையைத் தூக்கி வளைத்தால் மூட்டு ஒடிந்த மாதிரி கோணமாக நிற்கும், அந்த இடத்தில்தான் தினமும் தடம் புரளும்.

பலகை 12 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (ஈரம் தாங்கும்) ப்ளை, 7 அங்குல அகலம். எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் நாளாக நாளாகத் தொய்யும். வளைவு பலகையின் உள்மூலையைத் தாண்டிப் போகும் என்பதால் நாலு மூலையிலும் முக்கோணம் வேணும்: சுவரை ஒட்டிய இரண்டு பக்கமும் 26 அங்குலம்.

வெட்டுவதற்கு முன் அறை மூலைமட்டமாக இருக்கிறதா பாருங்க. 12×10க்குக் குறுக்களவு 15 அடி 7½ அங்குலம். இரண்டு குறுக்களவுக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சுவரை நம்பாதீங்க, நடுக்கோட்டை நூல் பிடித்துத் தனியாகப் போடுங்க.

---

தொப்பூர் கணவாய்

மூலைமட்டம் சார் கணக்கு சரி, 7 அங்குலப் பலகையில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. உயரப் பலகை ரயிலில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கட்டி முடித்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது.

உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 47 அங்குலம். பலகை மேல்மட்டம் 87½. ஆறடி தள்ளி உட்கார்ந்தால் ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் பார்வை 56 மி.மீ. ஏறுது. 7 அங்குலப் பலகையில் பெட்டியின் பக்கவாட்டிலிருந்து பலகை விளிம்புக்கு 60 மி.மீ., ஆக அடியிலிருந்து 34 மி.மீ. மறையும். பெட்டியின் உயரமே ஏறத்தாழ 46. கூரை மட்டும் நகர்வது தெரியும்.

இரண்டு மாற்றம் செய்யுங்க. பலகையை 6 அங்குலமாகக் குறைங்க. மறைப்பு 19 மி.மீ. ஆகிவிடும். தண்டவாளத்துக்கு அடியில் 18 மி.மீ. பி.வி.சி. ஃபோம் போர்டை (கடையில் மல்டிவுட் என்று கேட்டால் எடுப்பார்கள்) 2½ அங்குலப் பட்டையாக வெட்டி ஒட்டி, அதன் மேல் 3 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட் (மெத்தென்ற ஃபோம்) போடுங்க. 21 மி.மீ. தூக்கிவிட்டதால் சக்கரம் முதல் தெரியும். அரை ஷீட் போதும், வளைவுக்கு ஜிக்ஸாவில் வில் மாதிரி வெட்டணும். லாஃப்ட் மேலேயும் இதே பட்டை ஓடணும், இல்லாவிட்டால் அங்கே பள்ளம் விழும். ஈ.வி.ஏ. இல்லாமல் ப்ளையில் நேரடியாக ஸ்க்ரூ அடித்தால் பலகை முழுக்கத் தவில் மாதிரி அதிரும்.

விளிம்புக்கு மரச்சட்டம் அடித்தால் மறுபடியும் மறைத்துவிடும். 3 மி.மீ. தெளிவான அக்ரிலிக், பலகைக்கு மேல் 2 அங்குலம் நிற்கும்படி, குறைந்தது நாலு மூலையிலும். ஏழேகால் அடியிலிருந்து இன்ஜின் விழுந்தால் போகியே (சக்கரத் தொகுதி) உடையும், கீழே ஆள் உட்கார்ந்திருந்தால் அது வேறு கதை.

எச்.ஓ.வை விட ஜி ஸ்கேல் (இன்னும் பெரிய அளவு மாடல்) இந்த உயரத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பது என் கருத்து. 45 மி.மீ. கேஜ், குறைந்த வளைவே 600 மி.மீ. ரேடியஸ். ஆனால் பெட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டீங்க, விடுங்க.

---

மூலைமட்டம் (தருமபுரி)

தொப்பூர் சார் சொல்வது சரிதான். 6 அங்குலமே போடுங்க. ஆனால் பலகை குறுகினால் முக்கோணம் பெரிதாகணும். 26 அங்குலமே வைத்தால் முக்கோணம் பலகையைத் தொடும் இடத்தில் நடுக்கோட்டிலிருந்து விளிம்புக்கு 31 மி.மீ. தான். வளைவில் பெட்டிக்கே 25 வேணும். அக்ரிலிக்கை உரசும். பக்கத்தை 28 அங்குலம் ஆக்கினால் 43 மி.மீ. கிடைக்கும்.

ஒரே ஷீட்டில் முடியும். 8 அடி நீளவாக்கில் 6 அங்குலப் பட்டை மூன்று. மீதி 29½ அங்குல அகலத்தில் 28×28 சதுரம் இரண்டு, ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்தால் முக்கோணம் நாலு. மிஞ்சும் 39 அங்குலத் துண்டில் இன்னொரு 6 அங்குலப் பட்டை. நீளச்சுவர் இரண்டுக்கும் 88 அங்குலம், ஜன்னல் சுவருக்கு 64. மூன்றாவது பட்டையில் 64 போக 32 மிஞ்சும், அதையும் 39 அங்குலத் துண்டையும் சேர்த்து லாஃப்ட் மேல் 64. ஒட்டு லாஃப்ட் மேல் படுத்துவிடுவதால் பிராக்கெட் கவலை இல்லை. கடையிலேயே டேபிள் ரம்பத்தில் அறுத்து வாங்குங்க. கை ரம்பத்தில் 8 அடி நேராக வராது.

இப்போது ஹாலோ பிளாக். எல் பிராக்கெட் 5 அங்குலம், 16 அங்குலத்துக்கு ஒன்று, மூன்று சுவருக்கும் சேர்த்து 24. பிராக்கெட்டின் மேல்முகம் லாஃப்ட் மேல்மட்டத்தோடு ஒரே மட்டம். ரசமட்டம் வைத்து ஒவ்வொன்றாகப் போனால் 30 அடி சுற்றி வருவதற்குள் அரை அங்குலம் தவறிவிடும். கொத்தனார் பிடிக்கிற தண்ணீர் டியூபில் மூலைக்கு மூலை குறித்துக்கொண்டு நூல் அடிங்க. லாஃப்ட் கான்கிரீட் மேடுபள்ளமாகத்தான் இருக்கும், உயர்ந்த இடத்தை வைத்து மட்டம் எடுங்க, பள்ளத்துக்கு அட்டை கொடுங்க.

துளை 8 மி.மீ. ட்ரில்லில் ஹேமரை அணைத்துவிட்டுச் சுற்றவிடுங்க. ஹேமரோடு போட்டால் பிளாக்கின் உள்சுவர் பின்பக்கம் பிய்ந்து துளை கிண்ணமாகிவிடும். சாதா நைலான் பிளக் உள்ளே வெற்றிடத்தில் சும்மா சுற்றும். முறுக்கும்போது பின்னால் முடிச்சு விழுகிற வகை பிளக் கேளுங்க. லிண்டல் கான்கிரீட்டில் துளை விழுந்தால் அங்கே மட்டும் ஹேமர் போடுங்க, சாதா பிளக்கே பிடிக்கும்.

ஜன்னல், கதவுக்கு மேலே ஒரு சிக்கல். பிராக்கெட்டின் கால் கீழ்நோக்கி இருந்தால் கீழ்த் துளை 7 அடிக்குக் கீழே, நிலைச்சட்டத்தில் போய் விழும். அந்த இடங்களில் காலை மேல்நோக்கித் திருப்பி மாட்டுங்க. ரயிலுக்கும் சுவருக்கும் நடுவே 80 மி.மீ. இருக்கு, தட்டாது. திரைச்சீலைக் கம்பியைப் பலகைக்கு அடியில் இறக்கிவிடுங்க.

ஸ்விட்ச்போர்டுக்கு நேர் மேலே துளை போடவே கூடாது. கூரையிலிருந்து பைப் அந்த வழியாகத்தான் இறங்கும்.

---

ராயக்கோட்டை கேட்

ஒயரிங் பற்றி நான் சொல்கிறேன். ஒரே இடத்தில் கொடுத்தால் எதிர்மூலையில் ரயில் தளரும். தண்டவாள உலோகத்தை விட, துண்டுகளை இணைக்கும் தகடான ஃபிஷ்பிளேட்தான் காரணம்: மொத்தம் 26 மூட்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் தளர்ச்சி. புதிதில் நன்றாக ஓடி ஆறு மாதத்தில் மந்தமாகும்.

பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வீட்டு ஒயர், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, சுற்றி ஓடட்டும். அதிலிருந்து 0.5 சதுர மி.மீ. ஒயரில் ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு இடத்தில் தண்டவாளத்துக்கு இணைப்பு, மொத்தம் எட்டு. உள்பக்கத் தண்டவாளம் எப்போதும் சிவப்பு. ஒரு இடத்தில் மாறிவிட்டாலும் நேரடி ஷார்ட். ஒவ்வோர் இணைப்புக்கும் பிறகு மல்டிமீட்டரை பீப் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்க. எட்டையும் முடித்துவிட்டுத் தேடினால் ஒரு ஞாயிறு போய்விடும்.

சால்டரிங் 25 அல்லது 40 வாட், ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள 60/40 ஈயம். தகரம் பற்றவைக்கிற ஆசிட் வேண்டாம், மாதக்கணக்கில் அரிக்கும். தண்டவாளத்தின் வெளிப்பக்கம் பற்றவைங்க, உள்பக்கம் வைத்தால் சக்கர விளிம்பு ஏறும். இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் ஸ்லீப்பர் உருகும், இரு பக்கமும் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்க.

வளைவுத் துண்டுகளின் மூட்டை சால்டர் பண்ணலாம், கோணம் விடாது. நேர்ப்பகுதி மூட்டை விட்டுவிடுங்க. நிக்கல் சில்வர் 2.3 மீட்டருக்கு 20 டிகிரி ஏற்றத்தில் 0.8 மி.மீ. நீளும். கான்கிரீட் கூரைக்கு அடியில் கத்திரி வெயிலில் அது தாராளமாக நடக்கும். மார்கழிக் காலையில் பூட்டினால் ஒவ்வொரு மூட்டிலும் விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி விடுங்க. சித்திரை மத்தியானத்தில் என்றால் நெருக்கியே பூட்டுங்க. இரும்புத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், துருவைத் தேய்க்க வாராவாரம் ஏறணும்.

ஒட்டுவதற்கு நியூட்ரல் சிலிக்கான், ஒரு சாணுக்கு ஒரு பொட்டு. புளிப்பு வாசனை வருகிற வகை செம்பை அரிக்கும். வெள்ளைப் பசை போட்டால் பிறகு பெயர்க்கவே முடியாது.

சுத்தம்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி. உப்புத்தாள் வைத்தால் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். இந்த உயரத்தில் தூசியை விடப் பெரிய எதிரி பல்லி எச்சமும் ஒட்டடையும். ஒட்டடை இன்ஜின் அச்சில் சுற்றிக்கொண்டால் கியர் இறுகும். ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை பிரஷ் போடுங்க. ஸ்டூலில் ஏறும்போது ஃபேன் ஓடக்கூடாது, சொல்லத் தேவையில்லை.

ஒரு கிளைக்கதை: கிருஷ்ணகிரிக்குத் திருப்பத்தூரிலிருந்து வந்த 2 அடி 6 அங்குல நேரோ கேஜ் பாதையை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்துவிட்டார்கள். 1:87ல் அதற்கு 9 மி.மீ. தண்டவாளமே பொருந்தும், 9 அங்குல ரேடியஸில் திரும்பும். அடுத்து ஜன்னல் மேடையில் சின்னதாக ஒன்று போடத் தோன்றினால் யோசிங்க.

---

கோட்டைமலை அடிவாரம் (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் நன்றிங்க. லாஃப்டில் சூட்கேஸ், பழைய புத்தகக் கட்டு எல்லாம் இருக்கு. ரயில் அதற்குப் பின்னால் குகை மாதிரி போனால் ஆகாதா?

---

தொப்பூர் கணவாய்

போகலாம், ஆனால் எங்கே சாமான் வைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. இரண்டு மூலையிலும் 28 அங்குலம் வளைவுக்குப் போய்விடும், அங்கே எதுவும் கூடாது. நடுவில் 5 அடி 4 அங்குலம் மட்டும், அதுவும் முன்பக்கம் 18 அங்குல ஆழம். சாமானுக்கும் ரயிலுக்கும் நடுவே 5 அங்குல உயரச் சட்டம் ஒன்று லாஃப்ட் மேல் நிலையாக அடிங்க. இல்லையென்றால் யாராவது சூட்கேஸைத் தள்ளும்போது தண்டவாளம் சுவரோடு போய்விடும். குகைக்கு மேல்மூடி போடாதீங்க. வேண்டுமென்றால் தண்டவாளத்திலிருந்து 3 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில், கையால் தூக்கி எடுக்கிற மாதிரி சும்மா வைங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூட்டு குறைவாக இருக்கணும்: அந்த 1,730 மி.மீ. நேர்ப்பகுதியில் ஒரு முழு ஃப்ளெக்ஸ், ஒரு 816 மி.மீ. துண்டு, அவ்வளவுதான். வெட்டின மிச்சத் துண்டுகளை அங்கே போட்டு நிரப்பாதீங்க.