மணல் நிலத்தில் கடலை: இலை ஓரம் கருகுகிறது, பொட்டாஷ் போடலாமா?

கேட்பவர் (உச்சிப்புளி):
கடற்கரையை ஒட்டி ஒரு ஏக்கர். வெறும் மணல், அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். மார்கழியில் விதைத்த கடலை, இன்று 32-ஆம் நாள். ஊற்றுத் தண்ணீர்தான் பாய்ச்சுகிறேன். அடியுரமாக டிஏபி (தழை, மணிச் சத்து உரம்) மட்டும் போட்டேன். இப்போது அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகுகிறது, கொழுந்து பச்சையாகவே இருக்கிறது.

போன வருடமும் இதே கதைதான். பூத்த பிறகு செடித் தூரிலேயே ஒன்றரை மூட்டை பொட்டாஷ் போட்டு மண் அணைத்தேன். ஜிப்சம் போடவில்லை. இலை தேறியது. பிடுங்கினால் பாதிக்கு மேல் பொக்கு. ஓட்டை உடைத்தால் உள்ளே சுருங்கிய தோல்தான். இந்த முறை போடவா, விடவா? பயமாக இருக்கிறது.

திருப்புல்லாணி:
தண்ணீர் உப்புக் கரிக்கிறதா தம்பி? உப்புத் தண்ணீரிலும் ஓரம் கருகும்.

கேட்பவர்:
இல்லை அண்ணே, வீட்டில் குடிக்கவே அதைத்தான் எடுக்கிறோம்.

திருப்புல்லாணி:
அப்படியானால் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் தரும் சத்துக் குறைதான். செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும், அதனால்தான் அடி இலை முதலில் கருகுகிறது. களியே இல்லாத மணல் பொட்டாஷைப் பிடித்து வைக்காது, ஒரு மழையில் கீழே இறங்கிவிடும்.

போன வருடப் பொக்குக்குக் காரணம் பொட்டாஷ் போட்ட இடம். கடலைக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாகப் போதிய அளவு வராது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சும். அங்கே பொட்டாஷ் மிஞ்சினால் சுண்ணாம்புச் சத்தை உள்ளே விடாது. அளவும் அதிகம் தம்பி. இறவைக்கு எக்டருக்கு 75 கிலோ சாம்பல் சத்து. பொட்டாஷாக ஏக்கருக்கு ஒரு மூட்டை, 50 கிலோ. நீங்கள் போட்டது 75.

இப்போது விழுது இறங்குவதற்கு முன் 25 கிலோவை வரிசைக்கு நடுவில் தூவிக் கொத்திவிட்டுத் தண்ணீர் விடுங்கள். தூரில் வேண்டாம். 40 முதல் 45 நாளுக்குள் சுண்ணாம்புச் சத்துக்காக ஜிப்சம் 160 கிலோவைத் தூர் ஓரமாகப் போட்டு மண் அணையுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் செடியை அசைக்கவே கூடாது. அடுத்த பட்டத்தில் பாதியை அடியுரமாகவும் பாதியை முதல் களையிலும் கொடுத்துவிடுங்கள்.

சாயல்குடி:
எங்கள் கிணறு கோடையில் உப்பாகிவிடும். அப்படிப்பட்ட தண்ணீருக்குச் சாதாரணப் பொட்டாஷில் உள்ள குளோரைடும் சேர்ந்தால் செடி தாங்காது. விலை கூடினாலும் குளோரைடுக்குப் பதில் சல்பேட் உள்ள சல்பேட் பொட்டாஷ்தான் வாங்குகிறேன்.

கேட்பவர்:
நாளைக்கே களைக்கு ஆள் சொல்லிவிட்டேன் அண்ணே. கருகிய இலை தேறுமா?

திருப்புல்லாணி:
அது இனிப் பச்சையாகாது. அதற்கு மேல் உள்ள இலைகளைப் பாருங்கள், அவற்றின் ஓரம் மஞ்சளாகாமல் நின்றால் சரி.